தராசு யார் கையில்?



பஞ்சாலைத் தொழிலாளிக்குப் பஞ்சைப் பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை. பொதியை உடைத்து ஒரு பிடி எடுத்தால் போதும். நீளப் பஞ்சா குட்டைப் பஞ்சா, காய்ந்ததா ஈரம் பட்டதா என்று கையே சொல்லிவிடும். ஆனால் அந்தப் பஞ்சுக்கு என்ன விலை என்பதை எந்தக் கையும் சொல்லாது. நூற்றவன் விலை வைப்பதில்லை. விளைவித்தவனும் விலை வைப்பதில்லை. எங்கோ ஒரு தராசு தொங்குகிறது. அதன் முள் அசைகிறது. இங்கே ஒரு குடும்பம் உண்கிறது, அங்கே ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிறது.

அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்வியை 2003-ஆம் ஆண்டில் நான்கு ஏழை நாடுகள் உலகத்தின் முன்னே கேட்டன. அவர்களுக்குக் கிடைத்த பதிலைப் பாட்டாளி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடி மாறியது, பயிர் மாறவில்லை

மாலி, புர்க்கினா பாசோ, பெனின், சாட். ஆப்பிரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் உள்ள நாடுகள். நான்கும் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் பிடியில் இருந்தவை; நான்கும் 1960-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றவை. கொடி மாறியது. பயிர் மாறவில்லை. வெள்ளையன் தன் ஆலைகளுக்காகப் பரப்பிய பருத்தியே விடுதலைக்குப் பிறகும் அவர்களுக்குக் காசு தரும் பயிராக நின்றது.

மழையை நம்பி விதைக்கிறார்கள். அக்டோபர் பிறந்தால், வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் காட்டில் இறங்கிக் கையாலேயே பருத்தி எடுக்கிறார்கள். அந்தக் காசில்தான் பள்ளிக்கூடச் சம்பளம். அந்தக் காசில்தான் மருந்து. அந்தக் காசில்தான் அடுத்த ஆண்டின் உரக்கடன். மேற்கிலும் நடுவிலும் உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பருத்தியை நம்பி வாழ்வதாக அந்நாடுகள் கூறின. தங்கள் ஏற்றுமதி வருவாயில் ஏறக்குறைய 30 சதவிகிதமும், வேளாண்மை ஏற்றுமதியில் 60 சதவிகிதத்துக்கு மேலும் பருத்தியே தருகிறது என்று நான்கு நாடுகளும் கணக்குக் காட்டின.

கருவி இல்லாவிட்டாலும் கை இருக்கிறது. அமெரிக்கப் பண்ணையில் ஒரு ராத்தல் பஞ்சு விளைவிக்க ஆகும் செலவைவிட, அவர்கள் செலவு மிகக் குறைவு. "குறைந்த செலவில் விளைவிப்பவனே சந்தையில் வெல்வான்" என்பதுதானே வாணிப சாத்திரம்? அந்தச் சாத்திரப்படி வெல்ல வேண்டியவர்கள் இவர்கள். ஆனால் வீழ்ந்தார்கள். ஏன்?

இரண்டு கடை, ஒரு கஜானா

ஒரே சந்தையில் இரண்டு பேர் கத்தரிக்காய் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் ஏழை, விற்ற காசில்தான் அன்றைய உலை. மற்றவனுக்கு வீட்டிலே ஒரு மாமன் இருக்கிறான். "நீ எவ்வளவு மலிவாக விற்றாலும் விற்றுவிடு, நட்டத்தை நான் தருகிறேன்" என்கிறான் மாமன். மாலைக்குள் அந்தச் சந்தையில் கத்தரிக்காய் விலை என்ன ஆகும்? யார் கடையைக் கட்டிக்கொண்டு போவான்?

பஞ்சுச் சந்தையில் நடந்தது இதுதான். அமெரிக்க சர்க்கார் தன் பருத்திப் பண்ணையாருக்கு ஒரு விலையை உறுதி செய்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால், குறைகிற தொகையைக் கஜானா கொடுத்தது. விலை விழுந்தால், எந்த உழவனும் மறு ஆண்டு பருத்தி ஏக்கரைக் குறைப்பான். இந்தப் பண்ணையார் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. விளைந்தது, குவிந்தது, கப்பல் ஏறியது. விலை உயர்ந்த அமெரிக்கப் பஞ்சை வாங்கும் ஆலைகளுக்கும், ஏற்றுமதி செய்யும் வியாபாரிகளுக்கும் தனியாக வேறு ஒரு மானியம் 2006-ஆம் ஆண்டு வரையில் இருந்தது. அந்நாளில் உலகிலேயே அதிகமாகப் பஞ்சு ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்காதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அவ்வளவு பெரிய கடைக்காரன் விலையைப் பற்றிக் கவலைப்படாமல் விற்றால் சந்தை தாங்குமா?

1995-ஆம் ஆண்டின் முற்பகுதியில் உலகச் சந்தையில் பஞ்சு ராத்தல் ஒரு டாலரைத் தாண்டியிருந்தது. 2001 அக்டோபரில் 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. மானியம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். செயற்கை இழையின் போட்டியும் உண்டு. பல நாடுகளில் விளைச்சல் பெருகியதும் உண்டு. ஆனால் விழுகிற விலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தில், அதை இன்னும் கீழே அழுத்திய கை எது என்பதில் ஐயமில்லை.

மாலி நாட்டு உழவர் வாய் மூடிக் கிடக்கவில்லை. உலக விலையும் சரிந்தது, பருத்தி வாங்கும் நிறுவனத்தின் நிர்வாகமும் சீர்கெட்டது. 2000-01 பருவத்தில் பெருந்தொகையான உழவர்கள் "பருத்தி விதைக்க மாட்டோம்" என்று மறுத்துவிட்டார்கள். ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வான். உழவன் விதைநிறுத்தம் செய்தான்! அந்த ஆண்டு நாட்டின் பருத்தி விளைச்சல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த நிறுத்தம் உலகத் தராசின் முள்ளை அசைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் விதைத்தார்கள். வேறு வழி?

கேட்டது பிச்சை அன்று

2003 ஏப்ரலில் நான்கு நாடுகளும் சேர்ந்து, ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக ஸ்தாபனத்தில் ஒரு மனுவைக் கொடுத்தன. பருத்தி மானியங்களைப் படிப்படியாக ஒழியுங்கள். ஒழியும் வரையில் எங்களுக்கு ஏற்படும் நட்டத்துக்கு ஈடு தாருங்கள். இவ்வளவுதான் மனு. ஜூன் 10-ஆம் நாள் புர்க்கினா பாசோ அதிபர் பிளேஸ் கொம்பவோரே அங்கே நேரில் சென்று பேசினார். கொம்பவோரே பட்டாளத்தின் துணையால் 1987-இல் ஆட்சியைப் பிடித்தவர்; 2014-இல் மக்கள் கிளர்ச்சியால் துரத்தப்பட்டவர். அவருக்கு நாம் மாலை சூட்டவில்லை. ஆனால் அன்று அவர் வைத்த கணக்கு நியாயமான கணக்கு.

அந்தக் கணக்கை அவரும், மாலி அதிபர் அமடு துமானி துரேயும் ஜூலை மாதம் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் எழுதினார்கள். 2001-02-இல் அமெரிக்காவின் 25,000 பருத்திப் பண்ணையாருக்குக் கிடைத்த மானியம் ஏறக்குறைய 300 கோடி டாலர். இருபது லட்சம் பேர் பருத்தியை நம்பி வாழும் புர்க்கினா பாசோ நாட்டின் மொத்த உற்பத்தியே அதைவிடக் குறைவு! அந்த 25,000 பேரிலும் சிறு உழவனுக்குக் கிடைத்தது சிறு துளி. பெரும் பங்கு பத்தில் ஒரு பகுதியினரான பெரும் பண்ணையார் பைக்குப் போயிற்று. இரண்டாயிரத்து ஐந்நூறு செல்வர்கள் ஒரு பக்கம். ஒரு கோடி ஏழைகள் மறு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது?

அந்த ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூன் நகரில் மாநாடு கூடியது. நான்கு நாடுகளும் ஆவலோடு காத்திருந்தன. 13-ஆம் தேதி நகல் தீர்மானம் வெளிவந்தது. மானியத்தை நிறுத்தத் தேதி உண்டா? இல்லை. நட்ட ஈடு உண்டா? இல்லை. பருத்தியையே பெரிதும் நம்பியிருக்கும் நாடுகள் வேறு தொழில்களுக்குத் திரும்ப, உலக வங்கி போன்றவற்றின் உதவியை நாடலாம் என்ற உபதேசம் இருந்தது!

திருடு போயிற்று என்று காவல் நிலையத்துக்குப் போனவனிடம், "இனிமேல் பொருள் வைத்துக்கொள்ளாதே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? மறுநாள், 14-ஆம் தேதி, பல விஷயங்களில் பிணக்கு முற்றி, மாநாடு உடன்பாடு எதுவும் இல்லாமல் கலைந்தது.

தீர்ப்பு வந்தது, யாருக்குப் பலன்?

"சட்டம் இருக்கிறதே, வழக்குப் போடலாமே" என்பீர்கள். வழக்கும் நடந்தது. போட்டது பிரேசில். 2002-இல் தொடங்கிய வழக்கில், அமெரிக்கப் பருத்தி மானியங்களில் பல விதிகளுக்கு முரணானவை என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2005 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பெனினும் சாடும் இந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக நின்று தங்கள் நிலையைச் சொல்லின.

இங்கேதான் தோழர்களே, கூர்ந்து கவனிக்க வேண்டும். உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வென்றவனுக்கு, தோற்றவனிடமிருந்து பணம் வாங்கித்தர அமீனா கிடையாது. "தோற்ற நாட்டின் பண்டங்கள் மீது நீ வரி உயர்த்திக்கொள்" என்று அனுமதிதான் தருவார்கள். 2009-இல் பிரேசிலுக்கு அந்த அனுமதி கிடைத்தது. ஓர் ஆண்டுக்கு 82 கோடி டாலருக்கு மேல் பதிலடி கொடுக்கலாம் என்று. பிரேசில் பெரிய சந்தை. வரியை உயர்த்துவோம், உங்கள் பதிப்புரிமைகளிலும் காப்புரிமைகளிலும் கை வைப்போம் என்று மிரட்ட அதற்குத் தெம்பு இருந்தது. அமெரிக்கா இறங்கி வந்தது. 2010 முதல் ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. 2014 அக்டோபரில் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அதே அனுமதி மாலிக்குக் கிடைத்தால்? அமெரிக்க இயந்திரத்துக்கு மாலி வரி உயர்த்தினால் அமெரிக்காவுக்கு எறும்பு கடித்த மாதிரியும் இராது. இயந்திரம் வாங்கும் மாலிக்குத்தான் செலவு கூடும். பிரேசிலோடு செய்த ஏற்பாட்டில் ஆப்பிரிக்கப் பருத்திக்குத் தொழில்நுட்ப உதவி செய்ய ஓர் இடம் இருந்தது உண்மை. ஆனால் அந்த உழவன் இழந்த விலைக்கு ஈடாக எதுவும் வரவில்லை. மானியமும் ஒழியவில்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பருத்திக்கு வழக்கமான விலை ஈட்டை எடுத்துவிட்டு வேறொரு காப்பீட்டைக் கொடுத்தார்கள். 2018 பிப்ரவரியில் விலை ஈடே திரும்பி வந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று. வசூலிக்கும் வலிமைதான் ஆளுக்கு ஆள் வேறு!

பழைய பாட்டு

இதைப் புதுக்கதை என்று எண்ண வேண்டாம். இந்த மண்ணின் நெசவாளிக்கு இது பழைய கதை. நம் நாட்டு அச்சுத் துணிகள் இங்கிலாந்துச் சந்தையைப் பிடித்த காலத்தில், 1700-இல் அவற்றை அங்கே விற்பதற்கு இறக்குமதி செய்யக்கூடாது என்று சட்டம் போட்டார்கள்; 1721-இல் அத்தகைய துணியை உடுத்துவதற்கே தடை போட்டார்கள். தங்கள் ஆலைகள் வளர்ந்த பிறகுதான் தடையற்ற வாணிபத்தின் பெருமை அவர்களுக்குத் தெரிந்தது. நம் நாட்டில் ஆலைகள் எழுந்ததும், 1896-இல் லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலால், இந்திய ஆலைத் துணி மீதே மூன்றரை சதவிகித வரி போட்டார்கள். அந்த வரி ஒழிய 1926 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏணியில் ஏறியவன், ஏறியதும் ஏணியை உதைத்துத் தள்ளினான். இன்று ஆப்பிரிக்க உழவன் நிற்பது அதே ஏணியின் அடியில்தான்.

"அப்படியானால் எந்த சர்க்காரும் உழவனுக்கு உதவக்கூடாதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. தன் நாட்டு ஏழை உழவனைப் பட்டினியிலிருந்து காப்பது குற்றமன்று. செல்வந்தப் பண்ணையாருக்குக் கொட்டிக் கொடுத்து, மிஞ்சியதை அடக்க விலைக்கும் கீழே உலகச் சந்தையில் தள்ளுவதுதான் குற்றம். இந்தக் கணக்கை அமெரிக்காவுக்கு மட்டும் போட்டால் போதாது. ஐரோப்பா, கிரீஸ் ஸ்பெயின் நாடுகளின் பருத்திக்கு உதவியிருக்கிறது. சீனா 2011 முதல் சில ஆண்டுகள் பஞ்சை வாங்கிக் குவித்தது. நம் இந்திய சர்க்காரும் பருத்திக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது. நியாயத் தராசு என்றால் நம் மூட்டையும் அதில் ஏறத்தான் வேண்டும்.

சங்கம் வேண்டும்

நான்கு நாடுகளின் கூக்குரல் முற்றிலும் வீண் போகவில்லை. 2005-இல் ஹாங்காங் மாநாட்டில், பணக்கார நாடுகள் பஞ்சு ஏற்றுமதி மானியத்தை 2006-க்குள் நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. 2015-இல் நைரோபி மாநாடு ஏற்றுமதி மானியத்துக்கே தடை விதித்தது. அவர்கள் கோரிக்கையால் அக்டோபர் 7-ஆம் நாள் 2019 முதல் உலகப் பருத்தி நாளாயிற்று. ஆனால் நோயின் வேரான உள்நாட்டு மானியம் அப்படியே நின்றது. 2024-இல் அபுதாபியில் கூடிய மாநாடும் வேளாண்மையில் உடன்பாடு காணாமலே கலைந்தது. அவர்களும் பஞ்சைப் பொதியாகவே கப்பல் ஏற்றி, துணியாகத் திரும்ப வாங்குகிறார்கள். நூற்பதும் நெய்வதும் அந்த மண்ணில் வளராத வரையில், விலை விழும்போதெல்லாம் விழுவது அவர்கள் தலையில்தான்.

ஆலையில் சங்கம் இல்லாத நாளை நம் பெரியவர்கள் அறிவார்கள். அன்றும் சட்டப் புத்தகம் இருந்தது. கூலிதான் ஒழுங்காக வரவில்லை. ஒருவன் தனியாகப் போய்க் கேட்டால், "வேறு வேலை பார்த்துக்கொள்" என்றார்கள். கான்கூனில் மாலிக்கும் பெனினுக்கும் கிடைத்த பதில் அதுவேதான். நூறு பேர் சேர்ந்து கேட்டபோதுதான் புத்தகத்தில் இருந்த எழுத்துக்கு உயிர் வந்தது. நாடுகளுக்கும் வழி அதுவே. ஏழை நாடுகள் தனித்தனியே கையேந்தி நிற்காமல், ஒன்றாக அமர்ந்து பேரம் பேச வேண்டும். வென்ற வழக்கின் பலன் வலியவனுக்கு மட்டும் போகாமல், நட்டப்பட்டவன் ஒவ்வொருவனுக்கும் ஈடு கிடைக்கும்படி விதியைத் திருத்த வேண்டும்.

நாளைக் காலை ஆலைக்குள் பொதியை உடைக்கும்போது, ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தப் பஞ்சில், எங்கோ ஒரு காட்டில் வெயிலில் குனிந்து பறித்த ஒரு தாயின் கை பட்டிருக்கும். அவளும் நம்மைப் போல் உழைத்து உண்பவள். அவள் கேட்பது தானமன்று. தராசைச் சரியாகப் பிடியுங்கள் என்றுதான் கேட்கிறாள்.