பேசுவது மனிதன், கேட்பது பூதம்!

சாலவாக்கத்தில் ஒரு கோடைப் பகல். வீட்டுக்குள்ளே மேசை விசிறி சுழலுகிறது. ஒரு சிறுவன் அதன் எதிரே உட்கார்ந்து, "ஆ..." என்று நீட்டிக் கூவுகிறான். கேட்பதோ "அ-அ-அ-அ" என்ற நடுங்கும் குரல்! பாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். குரலை மாற்றும் வித்தையின் முதல் பாடமே இதுதான்!

இறக்கை செய்யும் வேலை

விசிறியின் இறக்கை எதிரே வரும்போது, குரல் அதில் மோதித் திரும்புகிறது. இடைவெளி வரும்போது அப்பால் போய்விடுகிறது. 3 இறக்கை உள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்றுச் சுற்றினால், குரல் வினாடிக்கு 60 தடவை வெட்டுப்படும். நடுக்கத்துக்குக் காரணம் இதுவே.

பூதக் குரல் பிறந்த கதை

1963 டிசம்பரில் லண்டன் பி.பி.சி. டெலிவிஷனின் "டாக்டர் ஹூ" தொடரில் "டாலெக்" என்ற கொடிய உயிர்கள் தோன்றின. இரும்புக் கூட்டுக்குள் இருந்து அவை பேசின. உண்மையில் பேசியவர்கள் நடிகர்கள்தான்!

பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஒலி நிபுணர் அந்தக் குரலை "ரிங் மாடுலேட்டர்" என்ற மின்கருவிக்குள் செலுத்தினார். அங்கே வினாடிக்கு 30 அதிர்வுள்ள இன்னொரு ஒலியுடன் அது கலந்தது. அப்போது என்ன ஆகும்? 200 அதிர்வுள்ள ஒலி உள்ளே போனால், 30-ஐக் கூட்டி 230, கழித்து 170 என்று இரண்டு ஒலிகள் வெளியே வரும். 200 மறைந்துவிடும்! மனிதச் சாயலும் போய்விடும்.

இறந்தவர் பாடினார்!

இன்று கணினி ஒருவர் குரலை இன்னொருவர் குரலாகவே மாற்றுகிறது. 2024-ல் வந்த "லால் சலாம்" படத்தின் ஒரு பாட்டில், காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் ஒலித்தன. குடும்பத்தாரின் அனுமதி பெற்றே செய்ததாக இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார்.

ஆனால், மோசடிக்காரன் அனுமதி கேட்பானா?

விசிறி முன் குரல் மாறியபோது பாட்டி ஏமாறவில்லை. பேரன் கண்ணெதிரே இருந்தான். போனில் முகம் தெரியாதே!

"அம்மா, விபத்து! உடனே பணம் அனுப்பு" என்று மகன் குரல் கேட்டால் பதறாதீர்கள். போனை வைத்துவிட்டு, மகனின் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை இன்றே பேசி வையுங்கள். பணம் பறிபோனால், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

காது கேட்டதைக் கண் பார்க்கும் வரை, பணப்பை மூடியே இருக்கட்டும்!