உப்புக் காற்றும் நிலைமின் ஒலிபெருக்கியும்

புத்தளத்துக் கடற்கரையிலே உப்பு ஒரு செல்வம். வாவியோரத்துப் பாத்திகளில் வெயில் ஏற ஏற வெண்மை படர்வதைக் காண்பது கண்ணுக்கு இனிய காட்சி. ஆனால் உப்பு பாத்தியோடு நின்றுவிடுவதில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் கற்பிட்டிக் குடாநாட்டின்மீது ஓயாது வீசும் சோளகக் காற்று, கரையில் உடைந்து சிதறும் அலைத் துளிகளை ஏந்திக்கொண்டு, தென்னந்தோப்புகளைக் கடந்து, வீடுகளுக்குள்ளும் வந்து புகுகின்றது. சாளரக் கம்பி துருவேறுவதும், செப்புக் கம்பியின் நுனியில் பச்சை பூப்பதும் இதனாலேயே என்பதை அவ்வூரார் நன்கறிவர்.

இரும்பும் செம்பும் படும் பாடு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் அதே காற்றினால் அல்லலுறும் கருவி ஒன்று உண்டு. அது நிலைமின் ஒலிபெருக்கி. ஊருக்கு ஊர் காணக்கூடிய பொருளன்று அது. இசையை உள்ளபடியே கேட்கவேண்டும் என்னும் ஆசை மிகுந்தவர்கள் சென்ற நூற்றாண்டிலே தேடி வாங்கிப் போற்றிய கருவி. பழையது கையிற் கிடைத்த ஒருவர் அதனைக் கடற்கரை வீட்டிலே வைத்துக் கேட்க விரும்பினால், முதலில் அது எவ்வாறு பேசுகின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அதை அறியாமல் திருப்புளியை எடுப்பது கருவிக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

சாதாரண ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு காந்தமும், அதனிடையே அசையும் கம்பிச் சுருளும், சுருளோடு ஒட்டிய கடதாசிக் கூம்பும் இருக்கும். செஸ்டர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் 1925ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டிய அமைப்பு அது. உலகத்து வானொலிப் பெட்டிகளுட் பெரும்பாலானவை அன்றுதொட்டு அந்த வழியையே பின்பற்றின. ஆயினும் அதே கெலொக் வேறொரு வழியையும் எண்ணிப் பார்த்து, 1934இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது பலர் அறியாத செய்தி. அந்த வழியிலே காந்தம் இல்லை, சுருள் இல்லை, கூம்பும் இல்லை.

அங்கே இருப்பவை துளைகள் இட்ட இரண்டு தகடுகள். அவற்றின் நடுவே, இரண்டையும் தொடாமல், தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய பிளாத்திக்குப் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அப்படலத்துக்கு மிக உயர்ந்த அழுத்தத்தில் மின்னேற்றம் ஊட்டப்படுகின்றது. தலைவாரிய சீப்பு கடதாசித் துண்டுகளைத் தன்பால் இழுப்பதைச் சிறுவரும் அறிவர். இங்கே வேலை செய்வதும் அந்த விசைதான். பாட்டின் மின்குறி இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகச் செல்லும்போது, ஒரு தகடு படலத்தை இழுக்க மற்றையது தள்ளுகின்றது. படலம் முழுவதும் ஒருசேர அசைந்து காற்றை அசைக்கின்றது. வானொலிக் கலையகங்களில் பேச்சாளர்முன் நிற்கும் ஒலிவாங்கிகளிற் சிலவும் இதே தத்துவத்தின்படி அமைந்தவை. அமெரிக்கரான வென்ற் 1917இல் விவரித்த ஒலிவாங்கியும் இவ்வகையதே. கேட்கும் கருவியைத் திருப்பி வைத்தாற் பேசும் கருவி என்று சொல்லலாம்.

இவ்வகை ஒலிபெருக்கிகளுள் பெயர்பெற்றது இங்கிலாந்திலே பீற்றர் வாக்கர் என்பார் உருவாக்கிய குவாட். 1957இல் விற்பனைக்கு வந்து, 1985 வரையில் செய்யப்பட்டது. அதன் பின்னோன் 1981இல் வெளிவந்தது. முன்னையதன் உள்ளே மூன்று பலகங்கள்: நடுவில் உள்ளது உயர்சுரத்துக்கு, இரு மருங்கும் உள்ளவை தாழ்சுரத்துக்கு. தாழ்சுரப் படலங்களுக்கு ஏறத்தாழ 6,000 வோல்ற்றும், உயர்சுரப் படலத்துக்கு 1,500 வோல்ற்றும் ஊட்டப்படும். இக்கருவி உரத்துக் கூவமாட்டாது. உடப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பின்போது ஊரையே எழுப்பும் கூம்புக் குழாய்களின் வேலையை இதனிடம் எதிர்பார்ப்பது வீண். ஆனால் ஒருவர் பேசினால் அவர் அடுத்த அறையில் நின்று பேசுவது போலவே இருக்கும்; வீணையின் தந்தியை விரல் விடுகின்ற ஓசையும் தவறாது கேட்கும்.

இனி நோய்க்கு வருவோம். குவாட் போன்ற கருவி மங்கினால், பாட்டில் எங்கே குறை என்று தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. தேடவேண்டியது மின்னேற்றத்தை. ஏற்றம் படலத்துக்கு வந்து சேர்கின்றதா, சேர்ந்தது அங்கே நிற்கின்றதா என்னும் இரண்டு வினாக்களுள் ஏறத்தாழ எல்லா நோய்களும் அடங்கும்.

நிற்பதைக் கெடுப்பது உப்பு. தூய கறியுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பிலே மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கின்றது. அது இதனினும் பேராசை கொண்டது, மூன்றிலொரு பங்கு ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை உப்பளத் தொழிலாளர் வடித்து அகற்றுவது ஏன் என்று கேட்டால் இதுவே விடை: அந்நீர் ஒட்டிய உப்பு என்றும் உலர்வதில்லை. காற்றோடு வீட்டுக்குள் வரும் உப்போ வடித்தெடுக்கப்படாத உப்பு. அது மின்காவற் பொருள்களின்மேல் மென்மையான பூச்சாகப் படிந்து, ஈரம் ஏறியதும் மின்சாரம் கசிந்து ஓடும் பாதையாக மாறுகின்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கியபோது அங்கிருந்து வேயங்கொடைக்கு 220,000 வோல்ற்று மின்வழி சென்றது. அத்தகைய வழிகள் கடலோரத்திற் செல்லுமிடங்களில் அவற்றின் பீங்கான் தாங்கிகளுக்கு உப்புப் படிவு எத்தகைய பகையோ, அதே பகையே ஒலிபெருக்கியின் உள்ளே விரலளவு இடத்தில் நிகழ்கின்றது. மின்வழியின் பின்னே ஒரு பெரிய நிலையம் நிற்கின்றது. சிறிது கசிந்தாலும் ஈடுசெய்யும். படலத்தின் பின்னே நிற்பதோ ஊசிமுனையளவு மின்னோட்டம். சிறிது கசிந்தாலே படலம் வறிதாகிவிடும்.

(உவர்நிலத்தை முற்றாகப் பழிக்கவும் கூடாது. ஈரமும் உப்பும் கலந்த மண் மின்னை நன்றாகக் கடத்துவதனால், நடுத்தர அலையில் ஒலிபரப்புவோர் தம் கோபுரங்களை நாட்டுவதற்கு அத்தகைய நிலத்தையே விரும்புவர். பேச்சை அனுப்புவதற்கு நண்பனான மண், இக்கருவியிற் கேட்பதற்குப் பகையாகின்றது.)

ஆகவே கடற்கரையில் நோயை அறிவதற்கு நாழிகையும் ஒரு கருவி. நண்பகலில் ஒழுங்காய்ப் பேசி, நள்ளிரவில் மங்குவதும் ‘டிக், டிக்’ என்று சொடுக்குவதுமாக இருந்தால், அது உப்பும் ஈரமும் சேர்ந்த கசிவு என்று ஏறத்தாழத் துணியலாம். பகலும் இரவும் ஒரே அளவில் மங்கியிருந்தால் வேறிடத்திற் பார்க்கவேண்டும். விளக்கை அணைத்துவிட்டு இருளில் உற்று நோக்கினால் சொடுக்கும் இடத்தில் சிறு நீலப்பொறி தோன்றுவதும் உண்டு. இடையறாத சீறல் கேட்டு, இடிமழைக்குப் பின் எழுவது போன்ற மணம் மூக்கில் பட்டால், ஏதோ ஒரு கூர்முனையிலிருந்து ஏற்றம் காற்றிற் கசிகின்றது என்பது பொருள். ‘பர்ர்’ என்ற அதிர்வு மின்நோயன்று. தூசுத் திரை தளர்ந்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். அதை அற்பம் என்று விடலாகாது. மின்னேற்றம் பெற்ற படலம் தூசியைத் தானே இழுக்கும். கிழிந்த திரை உப்புத் தூசிக்குத் திறந்த வாசல்.

பெட்டியைத் திறக்குமுன் செய்யக்கூடியவை இன்னும் இரண்டு உண்டு. இடப்புறத்துக் கருவிக்கும் வலப்புறத்துக் கருவிக்கும் செல்லும் கம்பிகளை, அம்பிளிபயரை நிறுத்தியபின், ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்ட வேண்டும். குறை மற்றப் பக்கத்துக்குத் தாவினால் குற்றவாளி ஒலிபெருக்கி அன்று. அடுத்து, வீட்டு மின்சாரத்தின் அழுத்தத்துக்கு ஏற்றபடி கருவியின் தெரிவு பொருத்தப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். வேறு நாட்டிலிருந்து வந்த கருவிகளில் இது தவறியிருப்பது அரிதன்று.

எந்தச் சுரம் குன்றியது என்பதும் நல்ல சாட்சி. முந்திய குவாட்டிலே உயர் அழுத்தம் படிப்படியாக ஏற்றப்படுகின்றது. 1932இல் கேம்பிரிட்ஜிலே கொக்குறொப்ட், வோல்ற்றன் இருவரும் அணுவைப் பிளப்பதற்குப் பயன்படுத்திய மின்னேணியின் சிறிய உறவினன் அது. உயர்சுரத்துக்கு வேண்டிய அழுத்தம் கீழ்ப்படியிலிருந்தும், தாழ்சுரத்துக்கு உரியது மேற்படியிலிருந்தும் எடுக்கப்படும். உயர்சுரம் தெளிவாயிருக்க, இரு தாழ்சுரப் பலகங்களும் ஒருங்கே தளர்ந்தால் மேற்படிகளிலே முதுமை. ஒரு பலகம் மட்டும் தளர்ந்தால் நோய் அந்தப் பலகத்தில். எல்லாம் ஒருங்கே தளர்ந்தால் ஏணியின் அடியிலே தேடவேண்டும். 1981இல் வந்த கருவியோ சான்றைத் தானே தருகின்றது: அதனுள் இருக்கும் சிறு நியோன் விளக்கு, ஏற்றம் ஊட்டப்படும்போதெல்லாம் கண்சிமிட்டும். பலகம் உலர்ந்து நலமாயிருந்தால் சிமிட்டல் அரிதாகும். ஓயாது சிமிட்டினால் ஓயாது கசிகின்றது.

அழுத்தத்தை அளந்தே அறிவோம் என்று சாதாரண மீற்றரை நீட்டுபவர் ஏமாறுவர், மீற்றரும் அழியக்கூடும். இத்தகைய மூலத்திலிருந்து மிகச் சிறிய மின்னோட்டமே வரும். மீற்றர் அதனையும் உறிஞ்சிவிட, அழுத்தம் விழுந்துவிடும். மணற்கேணியில் ஊறும் சிறு ஊற்றை வாளியால் இறைத்துவிட்டு, கேணி வற்றியது என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். மிக உயர்ந்த தடைகொண்ட தனி அளவுகோலே இங்கு உதவும்.

திறக்க வேண்டிய நிலை வந்தால், அச்சம் சரியான இடத்தில் இருக்கவேண்டும். 6,000 வோல்ற்று என்றதும் அனைவரும் அதற்கே அஞ்சுவர். அந்த மூலம் தரும் மின்னோட்டம் சிறிது; ஆயினும் இணைப்பைப் பிடுங்கியபின்னும் ஏற்றம் நெடுநேரம் தங்கும் என்பதால் அதை மறத்தலாகாது. உண்மையில் ஆளைக் கொல்லவல்லது மற்றொன்று. அம்பிளிபயரிலிருந்து வரும் குறியைப் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்தும் மின்மாற்றி பாட்டு நடக்கும்போது உயிரோடு இருக்கின்றது; அதன் பின்னால் அம்பிளிபயரின் முழு வலுவும் நிற்கின்றது. ஆகவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் பெட்டியினுள் கைவைப்பது ஒருபோதும் கூடாது. இரண்டு இணைப்புகளையும் பிடுங்கி, காத்திருந்து, மின்காவற் கோலின் நுனியிற் கட்டிய உயர்ந்த தடையின் வழியாக மிஞ்சிய ஏற்றத்தை இறக்கியபின்னரே உள்ளே நோக்கவேண்டும். உயர் அழுத்தத்தில் பழகாதவர், பழகிய ஒருவரிடம் ஒப்படைப்பதே தகும்.

உப்பைக் கழுவும் முறையிலே பலர் தவறுவது ஓரிடத்தில். எரிசாராயத்தால் துடைத்தால் எல்லாம் போய்விடும் என்று எண்ணுகின்றனர். கறியுப்பு சாராயத்திற் கரைவது மிக அரிது. துணி உப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தள்ளிவிடும், அவ்வளவே. பலகங்களை வெளியே எடுத்துவிட்டு, தாங்கிகளையும் முனைகளையும் சட்டத்தையும் முதலிற் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, பின்னர் நீரை விரட்டுவதற்கே சாராயத்தைப் பயன்படுத்தவேண்டும். படலத்தின்மீது இவற்றுள் எதுவும் படலாகாது. அதன் பூச்சு கலைந்துவிடும்.

அந்தப் பூச்சைப் பற்றிச் சிறிது சொல்லாமல் விடுவது சரியன்று. அது மின்னை ஓரளவே கடத்தவேண்டும், மிக மிக அரிதாகவே கடத்தவேண்டும். உப்பளத்திலே ஒரே பெரிய குளமாக விடாமல் வரப்பிட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பது போன்றது இது. ஒரு வரப்பு உடைந்தால் ஒரு பாத்தி வடியும். அடுத்த பாத்திகள் நிற்கும். உயர்ந்த தடையுள்ள பூச்சிலே ஏற்றம் விரைந்து ஓடமாட்டாது. ஒவ்வொரு பகுதியும் தன் பங்கைத் தன்னிடமே வைத்திருக்கும். பாட்டு திரிபின்றி ஒலிப்பதற்கும் இதுவே காரணம். கரித்தூளை அடர்த்தியாகத் தேய்த்து ‘நன்றாகக் கடத்தட்டும்’ என்று செய்பவர் வரப்புகளை எல்லாம் வெட்டிவிடுகின்றார். எங்கேனும் ஒரு பொறி எழுந்தால் படலத்தின் ஏற்றம் முழுவதும் அவ்விடத்தில் பாய்ந்து துளையிட்டுவிடும்.

துளைபட்ட பலகத்தையும் பூச்சு மாண்ட பலகத்தையும் பிரித்துத்தான் ஆகவேண்டும். தறையாணிகளை அகற்றி, தகடுகளைப் பிரித்து, பழைய படலத்தையும் பசையையும் சுரண்டி, புதிய படலத்தைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டி, பூச்சிட்டு, இளஞ்சூட்டில் இறுகச் செய்வது வழக்கம். இழுவை குறைந்தால் படலம் ஏதேனும் ஒரு தகட்டின்பால் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் தாழ்சுரம் மெலியும். இதை உப்புக் காற்று வீசும் விறாந்தையிற் செய்வது பயனற்றது. அடைத்த அறையில், மழையும் காற்றும் இல்லாத நாளில், தூசி அடங்கியபின் செய்யவேண்டும். மின்னேணியில் தளர்ந்த படிகளுக்குப் புதிய சீராக்கிகளும் ஒடுக்கிகளும் இட்டு, முனைகளை உருட்டி, மெழுகிலே புதைத்துவிட்டால் ஈரம் அங்கே எட்டாது. உரத்த ஒலிக்காக வலிய அம்பிளிபயரைப் பூட்டும் ஆசையைக் கைவிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. 15 உவாற்று அம்பிளிபயரோடு இணைத்துக் கேட்கப்பட்ட கருவி அது. மிதமிஞ்சினால் முதலில் எரிவது உயர்சுரப் பலகமே.

திருத்தம் முடிந்த அன்றே பாட்டுப் போட்டுப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. சிறிது பொறுத்தல் நன்று. தூசுத் திரைகளையும் மூடிகளையும் பூட்டிவிட்டு, அம்பிளிபயரோடு சேர்க்காமல், மின்னேற்றம் மட்டும் கொடுத்து ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவைக்கவேண்டும். விடியுமுன் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் வேளையில், அறை இருண்டிருக்க, முன்னே அமர்ந்து செவிகொடுத்துக் கேட்கவேண்டும். சொடுக்கலோ சீறலோ எழாமல், தூரத்து அலையோசை மாத்திரம் கேட்குமாயின், அம்பிளிபயரின் கம்பியைப் பூட்டலாம்.