மீனுக்கும் மூச்சு முட்டும்!

தண்ணீரிலேயே வாழும் மீன் மூச்சு முட்டிச் சாகுமா? பஞ்சாபில் செத்தது, ஆயிரக்கணக்கில்!

சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயில் 1952-ல் ஒரு கதவணை கட்டினார்கள். ராஜஸ்தானுக்குப் போகும் இந்திரா காந்தி கால்வாய் இங்கேதான் புறப்படுகிறது. தேங்கிய தண்ணீரில் நாணல் மண்டியது. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கின. கட்டியது பாசனத்துக்கு, கிடைத்தது பறவைச் சரணாலயம்! 1990-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. 2007-ல் பியாஸில் சிந்து நதி டால்பின் இருப்பதும் தெரிய வந்தது.

2018 மே மாதம் குர்தாஸ்பூர் மாவட்டத்துச் சர்க்கரை ஆலை ஒன்றிலிருந்து மொலாசஸ் கசிந்து பியாஸில் கலந்தது. மொலாசஸ் விஷமா என்ன? மாட்டுத் தீவனத்திலேயே சேர்க்கிறார்களே! விஷயம் வேறே. நல்ல ஆற்று நீரில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். சர்க்கரையைக் கண்ட பாக்டீரியா மளமளவென்று பெருகி, அதையும் உறிஞ்சிவிடும். நாம் லேபில் பார்க்கும் பி.ஓ.டி. இதுதான். டால்பினுக்கு நுரையீரல் உண்டு, மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும். ஆனால் மீன் செத்தால் அது எதைத் தின்னும்?

மொலாசஸாவது ஒருநாள் கூத்து. சட்லெஜ் பக்கம் தினசரி கூத்து! நமக்குத் திருப்பூர் மாதிரி அவர்களுக்கு லூதியானா. சாயப்பட்டறை, எலக்ட்ரோபிளேட்டிங், மாட்டுப் பண்ணை எல்லாக் கழிவும் புட்டா நாலா வழியாக சட்லெஜில் விழுகிறது. சாக்கடையின் சத்தைக் குடித்து ஆகாயத்தாமரை கொழிக்கிறது. வெயிலையும் காற்றையும் தண்ணீருக்குள் விடாது.

"சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போச்சு" என்பீர்கள். சாக்கடைக்குச் சரி, குரோமியத்துக்குப் போதாது. பாக்டீரியா அதைத் தின்று தீர்க்காது. பட்டறையிலேயே அமிலம் சேர்த்து, சோடியம் பைசல்பைட் போட்டு, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக்கணும். பிறகு சுண்ணாம்பு போட்டால் அடியில் படியும். செலவு அதிகமில்லை, ஆனால் ஒவ்வொரு பட்டறையும் தினமும் செய்யணும். அங்கேதான் இடிக்கிறது! படிந்த சேற்றையும் பத்திரமாகப் புதைக்கணும். ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் கொட்டினால், அது சட்லெஜ் வழியே ஹரிகே சேற்றில் சேரும். சேற்றைக் கிளறும் புழு, புழுவைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் நீர்க்காகம் என்று அந்த உலோகம் பயணம் கிளம்பிவிடும். கால்வாய்த் தண்ணீரையோ ராஜஸ்தானில் குடிக்கிறார்கள்.