சந்தைக்கு வெளியே பங்கு வணிகம்

குற்றாலச் சாரல் காலத்தில் மங்குஸ்தான் பழத்திற்குக் கடைக்குக் கடை விலை வேறாதலை நாம் அறிவோம். பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறாத நிறுவனங்களின் பங்கு வணிகமும் இத்தகையதே. ஊரறிய அறிவிக்கும் விலை அங்கு இல்லை. வாங்குவோரும் விற்போரும் பேசி முடிப்பதே விலை.

1921இல் தூத்துக்குடியில் தோன்றிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் பங்குகள் 2022 செப்டம்பரில்தான் பட்டியலில் ஏறின. அதுவரை இவ்வாறே கைமாறின. சிறு நிறுவனங்களுக்கென 1992இல் மும்பையில் வணிகம் தொடங்கிய ஓ.டி.சி.இ.ஐ. சந்தையில், பங்குகளை வாங்கும் விலையும் விற்கும் விலையும் கூறுவதற்கென்றே முகவர்கள் இருந்தனர். ஆயினும் வணிகம் பெருகவில்லை. 2015இல் அது சந்தை என்னும் தகுதியை இழந்தது.

இவை உணர்த்துவது யாது? நல்ல பங்காயினும், நாம் விற்க விரும்பும் நாளில் வாங்குவோர் இல்லையெனில் பணம் முடங்கும். ஆதலின், பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்திற்கும் சேர்த்த பணத்தை இதில் இடுதல் ஆகாது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்தல் வேண்டும். பலரிடம் விலை கேட்டல் வேண்டும். பங்கு நம் டிமேட் கணக்கில் சேர்ந்ததை உறுதிசெய்தல் வேண்டும். பட்டியலில் ஏறாப் பங்குகளை விற்கும் அனுமதியற்ற இணையத் தளங்கள் குறித்து 2024 டிசம்பரில் செபி வாரியம் எச்சரித்ததையும் மறத்தலாகாது.

கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சியுடன் எழுதிக்கொள்ளுமாறு திருமறை பணிக்கிறது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பொருள் இழவாதிருக்க, இவ்வணிகத்திலும் அந்நெறியே நமக்குக் காவலாம்.