மணி என்னங்க?

நீட் தேர்வு எழுதப் போகும் பிள்ளை கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அறைச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம்தான் எல்லாருக்கும் பொது. ஒரு தலைமுறைக்கு முன் நிலைமை நேர்மாறாக இருந்தது. பல வீடுகளில் முதல் கைக்கடிகாரம் வாங்கியதே பிள்ளையின் தேர்வுக்காகத்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது: 1981-இல், பிளஸ் டூ தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு, எச்.எம்.டி. ஜனதா.

வெள்ளை டயல், கறுப்பு முள், தோல் பட்டை. டயலில் 17 ஜுவல்ஸ் என்று போட்டிருக்கும். உள்ளே 17 ரத்தினக் கற்கள் இருப்பதாகப் பள்ளியில் பேசிக்கொள்வோம். அதில் பாதி உண்மை. சக்கரங்களின் அச்சு முனைகள் தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த செயற்கை மாணிக்கங்கள் அவை. உள்ளிருக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை, இப்படியும் அப்படியும் ஆடும். காதருகே வைத்தால் அந்த ஓசை கேட்கும். ஒரு முறை முழுதாகச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும்.

“தினம் காலையில ஒரே நேரத்துக்குச் சாவி கொடு. நின்ன பிறகு திருகாதேடா, ஸ்பிரிங் போயிடும்” என்றார் அப்பா. அவர் கையில் இருந்தது வெஸ்ட் எண்ட். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நல்ல வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் கொண்டுவர வேண்டும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய பிறகுதான், சம்பளக்காரர் ஒருவர் தன் பிள்ளைக்கும் ஒன்று வாங்கித் தரலாம் என்ற நிலை வந்தது. அப்போதும் அது யோசித்து, பணம் சேர்த்து வாங்கும் பொருள்தான்.

எந்த மெக்கானிக்கல் வாட்ச்சும் தானாகச் சரியான நேரம் காட்டாது. நாளுக்கு அரை நிமிடம் முன்னே போகும், அல்லது பின்தங்கும். அதனால் காலை 7.15-க்கு டில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்திக்கு முன், வீட்டில் வாட்ச் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ரேடியோ பக்கத்தில் வந்து நிற்போம். நேரம் சொல்லும் ஒலி வந்ததும் முள்ளைத் திருப்பி வைப்போம். வெளியே இருந்தால் நகராட்சிச் சங்கு இருந்தது, மாயவரம் மணிக்கூண்டு இருந்தது. இவற்றில் எது சரி என்பதில் பெரியவர்களுக்குள் உறுதியான கருத்து வேறுபாடுகள் உண்டு. என் அப்பா ரேடியோவின் பக்கம்.

இன்று கைப்பேசிக்கு நேரம் சொல்ல யாரும் வேண்டாம். வலைப்பின்னலிலிருந்து அதுவே எடுத்துக்கொள்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் இருக்கும் சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஜனதா ஒரே நாளில் தவறவிட்ட அரை நிமிடத்தைத் தவறவிட அதற்கு ஒரு மாதமாவது ஆகும். பொருள் என்ற அளவில் எதை எடுத்தாலும் இன்றைய வாட்ச்தான் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அன்று வாட்ச் கட்டியவனிடம் ஊரே மணி கேட்டது. பஸ் ஸ்டாண்டில் கூடையோடு நிற்கும் அம்மா, டீக்கடை வாசலில் பெரியவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பிள்ளைகள், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கேட்பார்கள். “மணி என்னங்க?” என்று பெரியவர்களிடம், “தம்பி, மணி என்னப்பா?” என்று என்னிடம். சொல்லாமல் போக முடியாது, போவது மரியாதையும் அல்ல. சொல்பவர்களும் பொறுப்பாகச் சொல்வார்கள். “ஒன்பது இருபது, ஆனா என் வாட்ச் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்” என்பார்கள். வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முன்னால் வைத்துக்கொள்வது பலருக்கு வழக்கம். என்னை முதல்முறையாக ஒரு பெரியவர் நிறுத்தி மணி கேட்டது, பெரியவர்களுக்குப் பயன்படும் ஆளாக நான் ஆகிவிட்டேன் என்று தெரிந்த நாள். தேர்வில் வாங்கிய மதிப்பெண்கூட அந்த அளவுக்கு மனத்தில் நிற்கவில்லை. இப்போது தெருவில் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் எத்தனையோ பேச்சுகள் தொடங்கின. பஸ் வரும்வரை நீண்டு, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பதில் போய் முடிந்தன.

ஏக்கத்தோடு இதையெல்லாம் எழுதும்போது அக்காவை நினைத்துக்கொள்கிறேன். என்னைவிட நன்றாகப் படித்தவள். அவளும் தேர்வு எழுதினாள், மேற்பார்வையாளரின் மணி ஓசையை மட்டும் நம்பி. அவளுக்கு வாட்ச் வந்தது கல்யாணச் சீரோடு. பெண்களுக்கென்று சின்ன டயலோடு எச்.எம்.டி. சுஜாதா கடையில் இருக்கத்தான் செய்தது. பெண் பிள்ளைக்கு எதற்கு என்ற பேச்சுதான் அதை வீட்டுக்குள் விடவில்லை. இன்று அக்காவின் பேத்தி ஆறாம் வகுப்பு. நிறத்துக்கு ஒன்றாக மூன்று வாட்ச் வைத்திருக்கிறாள், எதையும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இந்த மாற்றத்துக்கு ஈடாக அன்றையதில் எதை விட்டுக்கொடுக்கச் சொன்னாலும் நான் விட்டுக்கொடுப்பேன்.

மாற்றத்தின் பெரும்பகுதி நம் எல்லைக்குள்ளேயே நடந்தது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள் அங்கே வேலை பழகிக் குவார்ட்ஸ் வாட்ச் செய்தார்கள். சாவி கொடுக்க வேண்டியதில்லை. பேட்டரி மாற்ற வருடக்கணக்கில் காத்திருக்கலாம். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதன் கடிகாரப் பிரிவை மூடும் முடிவுக்கு மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் தந்தது.

விந்தை என்னவென்றால், தினசரிக் கவனிப்பு திரும்ப வந்திருக்கிறது. 2015-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் வாட்ச், ஒருமுறை சார்ஜ் செய்தால் 18 மணி நேரம் ஓடும் என்றுதான் அறிவித்தார்கள். என் ஜனதா ஓடியதில் அது பாதி. என் மகன் தன் ஸ்மார்ட் வாட்ச்சை இரவுதோறும் சார்ஜில் போடுகிறான். அது இதயத் துடிப்பை எண்ணுகிறது, நடையை எண்ணுகிறது, தூக்கத்தை அளக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள என் வயதுக்காரர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் பழையது ஆகிவிட்டால் அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.

ஜனதாவைத் திறக்க ஆள் இருந்தார். கடைத்தெருவில் மேசை அளவே இடம், அதன் மேல் கண்ணாடிப் பெட்டி. ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ட்வீசரால் ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பெட்ரோலில் கழுவுவார். ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைப்பார். சக்கரங்கள் தூசி படாமலிருக்கக் கண்ணாடிக் கிண்ணத்தின் கீழ் கிடக்கும். இப்போது அந்த இடத்தில் அவருடைய மகன் உட்கார்ந்திருக்கிறார். நாள் முழுதும் பேட்டரியும் ஸ்ட்ராப்பும் மாற்றுகிறார், நடுவில் கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறார். சாவி வாட்ச் மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம் என்கிறார். போன மாதம் என் ஜனதாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, “மிஷின் நல்லாத்தான் இருக்கு சார், மெயின் ஸ்பிரிங்தான் போயிருக்கு. புதுசு கிடைக்காது. உங்க சொந்தக்காரங்க யார் வீட்டு பீரோவிலயாவது ஓடாத எச்.எம்.டி. கிடந்தா கொண்டாங்க, அதுலேர்ந்து எடுத்துப் போட்டுடலாம்” என்றார். அக்காவுக்கு போன் செய்திருக்கிறேன். அத்தானுடைய பழைய வாட்ச்சைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.