ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

வாரம் முழுவதும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறோம். வீட்டார் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பசியாறும் நாள் ஞாயிற்றுக்கிழமைதான். துணி துவைப்பதும் கடைக்குப் போவதும் போக, அன்று ஒரு மணி நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்கலாமா? எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று இன்று சிந்திப்போம்.

படிப்பு என்றதும், “எனக்கு எழுத்துத் தெரியாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. திருவள்ளுவர் ‘கல்வி’, ‘கல்லாமை’ ஆகிய அதிகாரங்களை அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் ‘கேள்வி’யை வைத்தார். படிக்காதவரும் காதால் கேட்டு அறிவு பெறலாம் என்பது அவர் கருத்து. ஆகவே பிள்ளை ஒன்று வாய்விட்டு வாசிக்க, வீடே கேட்க வேண்டும்.

இது நமக்குப் புதிதன்று. கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ போன்ற நாளிதழ்கள் தோட்டங்களுக்கு வந்த காலத்தில், எழுத்தறிந்த ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். ஒரு தாள் பல வீடுகளுக்குப் பயன்பட்டது. ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. வாசித்துக் கேட்கும் பழக்கமும் அதனோடு நின்றுவிடலாகாது.

முதலில் திருக்குறளில் ஓர் அதிகாரம். பத்துக் குறளையும் எளிய உரையுடன் வாசிக்கக் கால் மணி நேரம் போதும். அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் 108 அதிகாரங்கள் உள்ளன. வாரத்துக்கு ஒன்று என்றால், இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். ‘இனியவை கூறல்’ அதிகாரத்தில் தொடங்கினால் வீட்டுக்கு நல்லது.

அடுத்து, சமயம். சைவர் தேவாரத்தை வாசிக்கலாம். இசுலாமியருக்கு உமறுப்புலவரின் சீறாப்புராணம் இருக்கிறது. கிறித்துவருக்கு வீரமாமுனிவரின் தேம்பாவணி இருக்கிறது. பழைய செய்யுள் கடினமாக இருந்தால், நான்கு பாட்டை உரையோடு எடுத்துக்கொண்டால் போதும். ஒரே லயத்தில் பல சமயத்தாரும் கூடி வாழ்ந்த மக்கள் நாம். அடுத்த வீட்டு நூலையும் ஒரு நாள் கேட்போமே!

மூன்றாவது, நம் வாழ்வைச் சொல்லும் கதை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களைத் தேடிப் பிடியுங்கள். 1942-43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். அந்த வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் ஏராளம். அந்தக் கொடுமையைத்தான் இந்நாவல்கள் சொல்கின்றன.

பேரன் இதை வாசிக்கும்போது என்ன நடக்கும்? அதுவரை பேசாமல் கேட்டிருந்த பாட்டி, “எங்கப்பாவையும் அப்படித்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க” என்று வாய் திறக்கலாம். அப்போது புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டியைக் கேளுங்கள். அவர் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் கவிதைதான். தோட்டத்தில் ஆடிய காமன் கூத்தைப் பற்றி அவர் சொல்வதும் கலை வரலாறுதான். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் அவற்றை எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

இதை ஏன் வற்புறுத்துகிறோம்? இரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பல லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. வீடு மாறும்போது சட்டி பானையை மறக்காமல் எடுத்துப் போகிறோம். பெரியவர்களின் பாட்டும் கதையும் அவர்களோடு போய்விட்டால், பிறகு எங்கே போய்த் தேடுவது?

வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம். பசியாறியதும் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுங்கள். பாட்டிக்கு நாற்காலியைப் பக்கத்தில் போடுங்கள்.