அறுபது மாதக் கணக்கு

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மெடிகேர் என்னும் அரசாங்கக் காப்பீடு உண்டாகையால், ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும் அதுவே கடைசிக் காலத்துச் செலவையும் பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்துவிடுவது எளிது. ஆனால் பக்கவாதத்தாலோ ஞாபகசக்தி அழிந்ததாலோ, குளிக்கவும் உடுக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்ட வயோதிகரைப் பராமரிப்பு இல்லத்தில் வருஷக்கணக்காக வைத்துக் காப்பாற்றும் பாரத்தை மெடிகேர் சுமப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தேர்ந்த மருத்துவக் கவனிப்புத் தேவைப்படுகிறவருக்கு அதிகபட்சம் 100 நாள். அதிலும் முழுச் செலவு கிடைப்பது முதல் 20 நாளைக்குத்தான். அந்த 100 நாளும் கழிந்த பிறகு மாதம் 9,000, 10,000 டாலர் என்று கைக்காசு கரையும்.

மெடிகேர் பிறந்த அதே 1965-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஏழைகளுக்கென்று பிறந்த மெடிகெய்டு திட்டந்தான் நீண்டகாலப் பராமரிப்புச் செலவை ஏற்கிறது. ஏழ்மைக்கும் அளவுகோல் உண்டு. பல மாநிலங்களில், தனி ஆள் ஒருவர் தம் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருந்தால் ஏழையாகக் கருதப்படமாட்டார். குடியிருந்த வீட்டை ஓரளவுக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஆறுதல் கொண்டாலும், 1993-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அவர் காலமான பின் அவருக்காகச் செலவிட்ட தொகையை அவர் விட்டுச்சென்ற ஆஸ்தியிலிருந்து மாநில அரசு வசூலிக்க முற்படும். முப்பது வருஷம் தவணை கட்டி மீட்ட வீடு இப்படித்தான் கைநழுவிப் போகிறது.

இதற்கு வக்கீல்கள் சொல்லும் உபாயம் டிரஸ்ட். தகப்பனார் வீட்டையும் சேமிப்பில் ஒரு பகுதியையும் டிரஸ்டின் பெயருக்கு எழுதிவைத்து, மகனையோ மகளையோ தர்மகர்த்தாவாக்குகிறார். ஆயுள்பரியந்தம் பெற்றோர் அவ்வீட்டில் குடியிருக்கலாம், வட்டியை அநுபவிக்கலாம். அசலில் ஒரு காசைக்கூடத் திரும்ப வாங்க முடியாது, எழுதிய பத்திரத்தை ரத்துச் செய்யவும் முடியாது. உபாயத்தின் உயிர்நாடியே இந்த 'முடியாது'தான். நினைத்தபோது மாற்றிக்கொள்ளத்தக்க டிரஸ்ட் வேறு. கோர்ட்டு அலைச்சலின்றி வாரிசுகளுக்குச் சொத்துப் போய்ச் சேர அது உதவுமேயன்றி, மெடிகெய்டு அதிகாரி அதைத் தகப்பனாரின் சட்டைப்பையாகவே கருதுவார்.

மகன் பெயருக்கே நேராக எழுதிவிட்டால் என்ன? மகனுக்குக் கடன் வந்தால் கடன்காரரும், விவாகரத்து வந்தால் மருமகளும் வாசலில் வந்து நிற்கக்கூடும். அன்றியும், தானமாகப் பெற்ற வீட்டை அவன் விற்கும்போது, தகப்பனார் அந்நாளில் கொடுத்த கிரயத்திலிருந்தே லாபம் கணக்கிடப்பட்டு வரி விழும். சரியாக எழுதிய டிரஸ்டிலோ அவர் இறந்த நாளின் மதிப்பே அடிப்படையாகும்.

எல்லாம் காலத்தோடு செய்திருந்தால்தான். மெடிகெய்டுக்கு மனுச் செய்யும் நாளிலிருந்து பின்னோக்கி 60 மாதக் கணக்கை அதிகாரிகள் புரட்டிப் பார்ப்பது பெரும்பாலான மாநிலங்களின் விதி. பேத்தி கல்யாணத்துக்குக் கொடுத்த செக்கும் அதில் அகப்படும். அந்தக் காலத்துக்குள் 1,00,000 டாலர் கைமாறியிருந்து, இல்லத்தின் சராசரி மாதச் செலவு 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பத்து மாதம் உதவி கிடையாது. அந்தப் பத்து மாதமும் பணத்தைக் கொடுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. இல்லத்தில் சேர்ந்து, மிச்சமும் கரைந்து, வேறு தடையின்றி உதவி கேட்டு நிற்கும் நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும் என்று 2006-இல் கையெழுத்தான சட்டம் முடிச்சுப் போட்டுவிட்டது. அந்த மாதங்களுக்குப் பணம் கட்டுவது யார்?

ஏழைக்கு வைத்த சோற்றில் வீடு வாசல் உள்ளவர்கள் கைவைப்பது நியாயமா என்று கேட்போர் அந்நாட்டிலேயே உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி முழுதும் தவறாகப் படவில்லை. ஆயினும் கோடீசுவரர் சிரமமின்றிக் கட்ட, ஏழைக்குச் சர்க்கார் கட்ட, நடுத்தரக் குடும்பம் மட்டும் ஏழையாகும்வரை கட்ட வேண்டியிருப்பதும் மெய். அமெரிக்கக் காங்கிரஸ் 1996-இல் இப்படிச் சொத்தைக் கைமாற்றுவதைக் குற்றமாக்கிப் பார்த்தது. மறு வருஷமே பாட்டிமாரை விட்டுவிட்டு, கூலி வாங்கி யோசனை சொல்பவர்கள்மேல் அக்குற்றத்தைத் திருப்பியது. 1998-இல் அட்டர்னி ஜெனரல் ஜானெட் ரீனோ அதை அமல் செய்வதில்லை என்று கைவிட்டார்!

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியபின் டாக்டர்களாகவும் இன்ஜினீயர்களாகவும் அங்கே போன தமிழர்களும் இப்போது இந்தக் கவலை வரும் வயதில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அறிய வேண்டிய விலக்கு ஒன்றுண்டு. பெற்றோர் இல்லத்தில் சேருமுன் இரண்டு வருஷமாவது அதே வீட்டில் உடனிருந்து, தம் பணிவிடையால் அவர்கள் இல்லம் சேர்வதைத் தள்ளிப்போட்ட பிள்ளைக்கு வீட்டை நேராகவே எழுதலாம். 60 மாதக் கணக்கு அங்கே தடையாகாது. டாக்டரின் கடிதமும், அந்த விலாசத்திலேயே வசித்ததற்கான லைசென்ஸ், வரிக் காகிதம் முதலிய அத்தாட்சிகளும் கேட்பார்களாதலால், தாயாரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் மகள் அவற்றையும் அவ்வப்போது சேகரித்து வைப்பது நல்லது.